வெறிநாயும் பதினான்கு ஊசியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கம்பனையும் வள்ளுவனையும் பற்றிக் கற்றறிந்த பெருமக்கள் பேசிச் சிறப்பித்த மேடை இது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கரக்பூரில் பார்சல் மூட்டைகளோடு வாழ்ந்துவரும் நம்மைச் செயலாளர் அழைத்து, "நாய் கடித்த கதையைச் சொல்லுங்கள், சபை சிரிக்கட்டும்" என்றார். சிரிப்பதற்கு அதில் இடமுண்டு. சிரிக்க இயலாத பகுதியும் உண்டு, அதனாலேயே ஒப்புக்கொண்டோம். 'நான்' என்னாமல் 'நாம்' என்று பேசுவதைப் பெருமை என்று கொள்ள வேண்டா. கடிபட்டது ஒரு கால்தான் என்றாலும், அதற்குத் தண்ணீர் ஊற்றியவை நான்கு வீடுகள்.

முதலில் மணியை அறிமுகப்படுத்துகிறோம். தலைவர் மேசைமேல் இருக்கும் மணி அன்று. நம் வீட்டு நாய். நான்கு ஆண்டுகளுக்குமுன் குவார்ட்டர்ஸ் மாடிப்படியின் அடியில் பிறந்தது. சாதி, குலம் எதுவும் கிடையாது. எதிர் வீட்டு வங்காளி அம்மையார், நாம் எல்லோரும் 'பௌதி' என்று அழைக்கிறவர், மீன் முள் வைத்து அழைத்தால் வங்காளம் புரியும். அடுத்த வீட்டுத் தெலுங்கு நண்பரின் மகன் பந்தை எறிந்தால் தெலுங்கு புரியும். "குளிக்க வா" என்றால் மட்டும் எந்த மொழியும் புரியாது. ஆண்டுதோறும் அதற்குத் தடுப்பூசி போடுவித்து, சான்றிதழை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.

இனி அந்த நாள். 2025 அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை. மாதக் கடைசி, கணக்கை முடித்து அனுப்ப வேண்டிய நாள். அதற்கு மூன்று நாள் முன்பு, 28-ஆம் தேதி இரவு, மோந்தா புயல் ஆந்திரக் கரையைக் கடந்தது. சென்னைப் பாதையில் வண்டிகள் சில இரத்தாயின. நடைமேடையில் தேங்கிய வெற்றிலைக் கூடைகளின் வாடை மேசைவரை வந்தது. கூடைக்குரியவர்களும் வந்தார்கள். புயலை நாமே அனுப்பி வைத்ததுபோல் ஒவ்வொருவரும் நம்மை நோக்கிக் கேட்ட கேள்விகளை இங்கே திரும்பச் சொல்வது முறையன்று. பத்தரை மணிக்குக் கணினி இணைப்பு அறுந்தது. இரண்டு மணிக்கு வந்தது. இரண்டேகாலுக்கு மீண்டும் போயிற்று.

இந்நிலையில் ஓய்வு பெற்றுத் திருச்சிப் பக்கம் தம் ஊருக்குத் திரும்பும் பெரியவர் ஒருவர், பன்னிரண்டு வயதுக் கிழட்டு நாயுடன் வந்து நின்றார். நாயை வண்டியில் கொண்டு செல்ல வழி இரண்டு. முதல் வகுப்பில் ஒரு கூப்பே அல்லது கேபின் முழுவதையும் தமக்கே பதிவு செய்து உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் பார்சல் அலுவலகத்தில் பணம் கட்டிக் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் ஏற்றலாம். (கார்டு என்பது நம் பழைய வாய். 2022 முதல் அவருக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர்.) எவ்வழியாயினும் தடுப்பூசிச் சான்று வேண்டும். பெரியவரின் சான்றோ சாமான்கள் ஏற்றிய லாரியில் முன்னமே போய்விட்டது. கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, பிரதியை வரவழைத்தபோது வண்டிக்குப் பத்து நிமிடமே இருந்தது. அதன் பிறகு நாய் கூண்டில் ஏற மறுத்தது. போர்ட்டர்கள் இருவர் முயன்றும் பயனில்லை. பெரியவர் தம் தோள் துண்டை எடுத்துக் கூண்டினுள் விரித்தார். நாய் பேசாமல் ஏறிப் படுத்துக்கொண்டது. அன்றைய நாளில் நமக்கு ஆறுதல் அளித்த காட்சி அது ஒன்றுதான்.

மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பினோம். குழாயில் தண்ணீர் இல்லை, மோட்டார் பழுதாம். காப்பி ஆறியிருந்தது. மணி வாயிற்படியில் சங்கிலியைக் கவ்விக்கொண்டு காத்திருந்தது. மனிதர்களிடம் நாளைக்கு என்று சொல்லலாம். நாயிடம் சொல்ல இயலாது. சங்கிலியை மாட்டிக்கொண்டு மைதானத்துப் பக்கம் நடந்தோம்.

ஐப்பசியில் இங்கு ஐந்தரைக்கெல்லாம் இருள் கவிந்துவிடும். மைதானத்து மதிலோரம், விளக்கு எரியாத இடத்தில், எதிரே ஒரு நாய் வந்தது. நம் காலனி நாய் அன்று. காலனி நாய்களை மணிக்கும் நமக்கும் முகம் தெரியும். குரைக்கவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு, தலை தாழ, கீழ்த்தாடை தொங்க, வாயில் எச்சில் ஒழுக, யாரையும் பாராமல் வந்தது. கொழுத்த காளையைக் கண்டாலும் வம்புக்கு நிற்கும் மணி, அதைக் கண்டதும் பின்வாங்கி நம் கால்களுக்கிடையில் புகுந்து ஒரு சுற்றுச் சுற்றியது. சங்கிலி இரு முழங்கால்களையும் கட்டிவிட்டது. மரம் சாய்வதுபோல் சாய்ந்தோம். விழுந்த இடத்தில் வலது கெண்டைக்காலில் அந்நாயின் பல் இறங்கியது. மணியின் காதையும் ஒரு கவ்வுக் கவ்விவிட்டு, அது தண்டவாளப் பக்கம் போய் இருளில் மறைந்தது. பிறகு எவரும் அதனைக் காணவில்லை.

நொண்டிக்கொண்டு வீடு வந்தபோது வாயிலில் சிறு கூட்டம் கூடிற்று. வைத்தியமும் உடனே கூடிற்று. நம் தாயார் சுண்ணாம்பும் மஞ்சளும் எடுத்து வந்தார்கள். ஒருவர் மிளகாய்த்தூள் என்றார். ஒருவர் எருக்கம்பால் என்றார். முதுகில் பித்தளைத் தட்டை ஒட்டவைத்து மந்திரித்து விஷம் இறக்குகிறவர் பக்கத்துச் சிற்றூரில் இருப்பதாக மற்றொருவர் தெரிவித்தார். இவர்கள் எல்லோரும் நம்மேல் அன்புடையவர்களே. ஆயினும் ரயில்வேயில் பெற்ற முதலுதவிப் பயிற்சியில் நாய்க்கடிக்குச் சொல்லித் தந்தது ஒன்றே: ஓடும் தண்ணீரில் சவுக்காரம் இட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். காயத்தின்மேல் எதையும் அப்பலாகாது.

குழாயிலோ தண்ணீர் இல்லை! பௌதி தம் வீட்டு டிரம்மைத் திறந்தார். தெலுங்கு நண்பர் இரண்டு வாளி கொணர்ந்தார். மாடி வீட்டுப் பீகாரி இளைஞர் குடிக்க வைத்திருந்த குடத்தையே இறக்கினார். செம்பு செம்பாக ஊற்ற, நாம் சவுக்காரம் தேய்த்தோம். பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் அறிந்தோம். ஐந்தாம் நிமிடத்தில் "போதுமே" என்றார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நம் மகள், "இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது அப்பா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அந்தக் கிருமிக்குச் சவுக்காரம் ஆகாது. காயத்தில் விழுந்த எச்சிலை அங்கேயே கழுவி ஒழித்துவிட்டால், உள்ளே புகுவது மிகவும் குறைந்துவிடுகிறது. மிளகாய்த்தூள் புண்ணை எரிக்குமேயன்றிக் கிருமியை எரிக்காது.

அன்று நமக்கிருந்த அலுப்பில் மனம் சொன்னது யாதெனில்: கழுவியாயிற்று, மற்றதை நாளை காலை பார்த்துக்கொள்ளலாம். நம் இல்லாள் அதற்கு இடம் தரவில்லை. காப்பியைக்கூடச் சுட வைக்காமல் ரிக்ஷாவை அழைத்துவிட்டாள்.

மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் காயத்தைப் பார்த்து, இது மூன்றாம் வகை என்றார். நக்கியதோடு சரி, தோலில் கீறல் இல்லை என்றால் முதல் வகை, ஊசி வேண்டா. இரத்தம் கசியாத சிறு கீறல் இரண்டாம் வகை; தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, இரத்தம் வந்த கீறல், புண்ணில் பட்ட எச்சில், இவை மூன்றாம் வகை. தடுப்பூசியோடு 'இம்யூனோகுளோபுலின்' என்ற மருந்தையும் காயத்தினுள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். அது வலித்தது. மறைக்க என்ன இருக்கிறது?

இரண்டு மருந்து எதற்கு என்று கேட்டோம். அவர் விளக்கியதை நம் தொழில் மொழியில் சொல்லுகிறோம். வெறிநோய்க் கிருமி இரத்தத்தில் ஓடுவதில்லை. நரம்பு வழியே மெல்ல மெல்ல மூளைக்குப் போகிறது. பாசஞ்சர் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதப் பயணம். ஒரு வாரத்தில் சேர்வதும் உண்டு. ஓராண்டு ஆவதும் உண்டு. முகத்திலோ கையிலோ கடித்தால் தூரம் குறைவு, அல்லது நரம்புகள் அதிகம். வண்டி மூளையை அடைந்து, தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால், அப்புறம் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். தடுப்பூசி நம் உடலையே எதிர்ப்புப் பொருளை உண்டாக்கச் செய்கிறது. அதற்கு ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். அதுவரை காவல் நிற்க, வெளியிலிருந்து தயாராகக் கொண்டுவந்து காயத்திலேயே நிறுத்துவது மற்றொரு மருந்து. கடித்த நாய் கண்ணெதிரே இருந்தால் அதைப் பத்து நாள் கவனிக்கலாம். பத்து நாளும் நலமாய் இருந்தால் ஊசியை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அதன் முடிவைப் பார்த்த பிறகு ஊசியைத் தொடங்குவோம் என்று காத்திருத்தல் கூடாது.

எல்லாம் முடித்து எழுந்திருக்கும்போது அம்மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். "அந்த நாய் வேறு யாரையாவது கடித்ததா?"

தெரியாது என்றோம். விசாரியுங்கள் என்றார். அன்றிரவே நாமும் தெலுங்கு நண்பரும் நான்கு தெருக்களிலும் கதவைத் தட்டினோம். எல்லோரும் இல்லை என்றார்கள். நண்பர் தம் வீட்டிலும் கேட்டார். எட்டு வயது மகன் பாடப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் இல்லை என்றான்.

ஞாயிறு காலை அச்சிறுவன் நம் வீட்டுக்கு வந்தான். வழக்கமாக மணியோடு விளையாட வருவான். மணியை மருத்துவர் மறு ஊசி போட்டுத் தனியே கட்டிவைக்கச் சொல்லியிருந்தார். ஆகவே திண்ணையில் நம் மகளுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தான். சற்று நேரம் கழித்து மெல்லக் கேட்டான். "அக்கா, நாயின் பல் கொஞ்சமாய்ப் பட்டால்கூட வயிற்றில் பதினான்கு ஊசி போடுவார்களா?"

நம் மகள் புத்திசாலிப் பெண். அவனை ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து தாயிடம் சொன்னாள். இல்லாள் ஒரு முறுக்கைக் கையில் கொடுத்து, அவனைப் பக்கத்தில் அமர்த்தி, கால் சட்டையை மெல்ல மடித்துப் பார்த்தாள். இடது கணுக்காலுக்குமேல் இரண்டு அங்குலக் கீறல். பொருக்கு உலர்ந்திருந்தது. வெள்ளி மாலை, நாம் போவதற்கு அரை மணி முன்பு, மதிலோரம் பந்தை எடுக்கப் போனபோது அதே நாய். இரத்தம் வந்ததாம். மண்ணை அள்ளி அமுக்கிக்கொண்டானாம். முழுநீளக் கால்சட்டையிலேயே இரண்டு நாள் கழித்திருக்கிறான். இரவில் யாரும் பாராதபடி அழுதிருக்கிறான்.

பதினான்கு ஊசிக் கதையை அவனுக்குச் சொன்னவர் அவன் தாத்தய்யா. பணிமனையில் பிட்டராயிருந்து ஓய்வு பெற்றவர். சிறு வயதில் நாய் கடித்து, நாள்தோறும் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு, வயிறு வீங்கி உட்கார முடியாமல் கிடந்தவர். பேரன் தெரு நாய்களிடம் போகாமலிருக்க வேண்டுமென்ற நல்லெண்ணத்தில் அவ்வப்போது அதை விவரித்து வந்திருக்கிறார். சொன்னது பொய்யும் அன்று. அக்காலத்தில் அப்படித்தான் இருந்தது.

இவ்விடத்தில் கொஞ்சம் வரலாறு சொல்ல அனுமதி வேண்டுகிறோம். 1885 ஜூலை 6 அன்று பாரிஸில் பாஸ்டர் என்ற விஞ்ஞானி, வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகத் தம் மருந்தைச் செலுத்தச் செய்தார். சிறுவன் பிழைத்தான், பிற்காலத்தில் பாஸ்டர் நிலையத்திலேயே வாயிற்காவலராய் வேலை பார்த்தான். நம் நாட்டில் 1900-இல் சிம்லா மலைப் பக்கத்துக் கசௌலியில் இம்மருத்துவத்துக்கென ஒரு நிலையம் ஏற்பட்டது. தென்னாட்டவருக்கு 1907-இல் குன்னூரில் ஒன்று ஏற்படும்வரை, சென்னையில் கடிபட்டவரும் அந்த வடகோடி மலைக்குத்தான் ரயிலேற வேண்டும். பாசஞ்சர் வண்டியில் போகும் கிருமியோடு பாசஞ்சர் வண்டியில் போட்டியிட்டவர்கள்! 1911-இல் கசௌலியில் செம்பிள் என்ற மருத்துவர் ஆட்டின் மூளையிலிருந்து தடுப்பு மருந்து செய்யும் முறையைக் கண்டார். அதுவே ஊரெங்கும் பரவி உயிர்கள் பலவற்றைக் காத்தது. வயிற்றில் நாள்தோறும் போட்டது அந்த ஊசி. சிலருக்கு அதனாலேயே நரம்புக் கோளாறும் வந்ததுண்டு. 2004-ஆம் ஆண்டு முடிவோடு நம் நாட்டில் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது வேறு மருந்து, மேற்கையில் போடுவது. தசையில் போட்டால் தொடங்கும் நாள், 3, 7, 14, 28 என்று ஐந்து முறை. தோலினுள் சிறிதளவாகப் போட்டால் தொடங்கும் நாள், 3, 7, 28 என்று நான்கு முறை. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூட ஊசி எப்படியோ அப்படித்தான்.

இருபது ஆண்டுகளுக்குமுன் ஒழிந்துபோன ஓர் ஊசி, அன்று அந்தச் சிறுவனின் வாயைக் கட்டியிருந்தது. உலகில் வெறிநோய் ஐயமுள்ள பிராணிகளால் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் எத்தனை பேர் சொல்லாமல் இருந்தார்கள் என்பதை எந்த நிறுவனம் எண்ணும்?

செய்தி கேட்டதும் நண்பர் கையை ஓங்கிவிட்டார். தாத்தய்யா குறுக்கே வந்து நின்றார். "அடிப்பதானால் என்னை அடி" என்று தெலுங்கில் சொன்னார். பிறகு பேரனைத் தாமே தூக்கிக்கொண்டு ரிக்ஷாவில் ஏறினார். கீறலை மறுபடி பதினைந்து நிமிடம் கழுவியபிறகுதான் புறப்பட்டோம். இரண்டு நாள் ஆயிற்றே, பயன் உண்டா என்று வழியெல்லாம் நண்பர் நம்மைக் கேட்டுக்கொண்டே வந்தார். மருத்துவர் சொன்னார்: இரண்டு நாள் என்ன, இரண்டு மாதமானாலும் நோய் தோன்றாதவரை ஊசி போட்டே ஆகவேண்டும், ஆனால் ஒவ்வொரு நாளும் வண்டி நகர்ந்துகொண்டிருக்கிறது. இம்யூனோகுளோபுலினும் போட்டார். சிறுவன் கையை நீட்டும்போது கண்களை இறுக மூடிக்கொண்டான். போட்டு முடித்ததும் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றான். தாத்தய்யா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிற்க. இக்காலனியில் நாய்களைப் பற்றி இரண்டு கட்சிகள் இருப்பதை எல்லோரும் அறிவோம். சோறு வைக்கும் கட்சி ஒன்று. கல் எறியும் கட்சி ஒன்று. நமக்கு மூன்றாம் ஊசி போட்ட அதே நாள், 2025 நவம்பர் 7 அன்று, பள்ளிகள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து தெரு நாய்களை அப்புறப்படுத்த வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று மாலை நம் வாசலில் இரு கட்சியாரும் கூடி, இரவு பத்து மணிவரை வாதாடினார்கள். ஒரு கட்சி நம் காலைச் சாட்சியாகக் காட்டிற்று. மற்றொரு கட்சி மணியைச் சாட்சியாகக் காட்டிற்று. குடியிருப்புத் தெருக்களைப் பொறுத்தவரை, 2023-ஆம் ஆண்டு விதிகள் கூறுவது கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுதல். நம் கருத்தை ஒளிக்கவில்லை. கல் எறிந்தால் நாய் அடுத்த தெருவுக்குப் போகும்; நோயும் உடன் போகும். சோறு வைத்தால் மட்டும் நோய் வராமற் போகாது. சோறு வைப்பவர்களுக்கு எந்த நாய் எங்கே படுக்கும் என்று தெரியும்; அது பயனுள்ள அறிவு. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

பௌதியின் கணக்குப்படி நம் நான்கு தெருக்களில் நாய்கள் 23. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் நாயிலிருந்து நாய்க்குத் தாவுவது அறுந்துவிடும் என்பது நிபுணர்கள் கணக்கு. நமக்குக் குறைந்தது 17 வேண்டும். கால்நடை மருத்துவர் ஒருவர் வர இசைந்திருக்கிறார். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணி, மைதானத்துக் கோயில் திண்ணை. சோறு வைக்கும் அன்பர்கள் அன்று சோற்றைக் கொஞ்சம் தாமதித்து அங்கே கொண்டுவர வேண்டும். கல் எறியும் அன்பர்கள் கயிறும் வாளியும் சவுக்காரமும் கொண்டுவர வேண்டும். தண்ணீருக்குப் பௌதி டிரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றும் மோட்டாரை நம்புவதற்கில்லை.

மணி நலமாயிருக்கிறது. காதில் மட்டும் ஒரு சிறு வெட்டு. சிறுவனுக்கு 28-ஆம் நாள் ஊசியும் முடிந்தது. இதோ மூன்றாவது வரிசையில்தான் அமர்ந்திருக்கிறான். ஞாயிறன்று பட்டியலில் நாய்களின் பெயரை எழுதும் பொறுப்பு அவனுடையது. பெயரில்லாத நாய்களுக்கு அவனே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான். அவற்றுள் ஒன்றுக்குச் செயலாளர் அவர்களின் பெயரை வைத்திருப்பதாக அறிகிறோம். அதைப் பிறகு தனியே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.